நுரையீரல் இறுகுகிறது என்று தெரிந்த பிறகு: வீட்டாருக்குச் சில குறிப்புகள்

விடாத வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போனவருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ஐ.எல்.டி." என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். காற்றறைகளைச் சுற்றியுள்ள மெல்லிய திசு வீங்கியோ தழும்பேறியோ தடித்துப்போகும் நோய்களுக்குப் பொதுப்பெயர் அது. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. தனித்தனியே எடுத்துக்கொண்டால் பெரும்பாலானவை அபூர்வம். அதனால் அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளே அகப்படாது.

டாக்டர் ஸ்கேனைப் பார்ப்பார். உங்கள் வீட்டைப் பார்க்க மாட்டார். இந்த நோயில் வீட்டைப் பார்ப்பது வைத்தியத்தில் பாதி. அதனால்தான் கீழே மருந்தைவிட வீட்டைப் பற்றிய பேச்சு அதிகம். மருந்து, ஆக்சிஜன் அளவு எதையும் டாக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

1. நோயின் முழுப் பெயரை எழுதி வாங்குங்கள். ஐ.எல்.டி. என்பது குடும்பப் பெயர் மட்டுமே. காரணம் தெரியாமல் தழும்பேறுவது ஐ.பி.எஃப்.; மூச்சில் போகும் பூஞ்சை, பறவைத் தூசி போன்றவற்றுக்கு நுரையீரல் ஒவ்வாமை கொள்வது ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ்; முடக்குவாதம், ஸ்கிளிரோடெர்மா போன்ற நோய்களின் தொடர்ச்சியாக வருவது இன்னொரு வகை. இந்த வேறுபாடு சும்மா ஏட்டுக்கு அல்ல. ஒவ்வாமை வகைக்கு ஸ்டீராய்டு முக்கிய மருந்து. ஐ.பி.எஃப்.புக்கோ, ஸ்டீராய்டையும் வேறு இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனையில் அந்தக் கூட்டுமருந்து எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால், 2011-ல் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். "எங்க மாமாவுக்கும் இதேதான், இந்த மாத்திரையில நின்னுச்சு" என்று யாராவது சொன்னால், மாமாவுக்கு எந்த வகை என்று கேளுங்கள்.

2. பீரோவின் அடியில், கட்டிலுக்குக் கீழே கிடக்கும் பழைய எக்ஸ்ரேக்களைத் தேடி எடுங்கள். ஐந்து வருடம் முன்பு வேறு எதற்கோ எடுத்த மார்பு எக்ஸ்ரே இன்று பெரிய உதவி. நோய் எந்த வேகத்தில் நகர்கிறது என்பதை அதை வைத்துத்தான் கணிப்பார்கள். சி.டி. ஸ்கேனுக்கு ஃபிலிம் மட்டும் போதாது, ஸ்கேன் பதிந்த தட்டையும் கேட்டு வாங்குங்கள்.

3. வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், நிறுத்திவிட்டவற்றின் சீட்டுகளையும்கூட, ஒரே பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோஃப்யூரன்டாயின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன், மூட்டுவலிக்கான மெத்தோட்ரெக்சேட் ஆகியவை சிலருக்கு நுரையீரலைப் பாதிக்கக்கூடியவை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பையை நீட்டினால் போதும். மூட்டு வீக்கம், குளிர்ந்த நீரில் விரல் வெளுத்து நீலமாவது, கண்ணும் வாயும் வறள்வது இருந்தால், அது மேலே சொன்ன முடக்குவாதம் போன்ற நோயின் அடையாளமாக இருக்கலாம்; கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

4. வீட்டுக்குள் துப்பறியுங்கள். 2017-ல் வெளியான இந்திய ஐ.எல்.டி. பதிவேட்டில் 19 நகரங்களின் 27 மையங்களிலிருந்து 1,084 நோயாளிகள் இருந்தார்கள். மேல்நாடுகளில் ஐ.பி.எஃப். அதிகம் என்றால், இங்கே அந்த ஒவ்வாமை வகைதான் முதலிடம்: 47.3 சதவீதம். அவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேர் ஏர்கூலர் காற்றில் இருந்தவர்கள். ஒவ்வாமை வகையில், காரணத்தைக் கண்டுபிடித்து விலக்காமல் மாத்திரை மட்டும் விழுங்குவது வீண்வேலைக்குப் பக்கத்தில்தான் வரும்.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு எழுதுங்கள். எந்தச் சுவரில் மழைக்காலத்தில் பூஞ்சை கறுக்கிறது? ஜன்னல் மேல் என்ன கூடு கட்டியிருக்கிறது? நோயாளி முப்பது வருடம் என்ன வேலை பார்த்தார்: கல் உடைத்தலா, பஞ்சு மில்லா, நெல் மண்டியா, சர்க்கரை ஆலையா? ஈர வைக்கோலில் வளரும் நுண்ணுயிரியால் வருவதற்கு விவசாயி நுரையீரல் என்றே பெயர் உண்டு. மக்கிய கரும்புச் சக்கையால் வருவதற்கும் தனிப் பெயர் உண்டு. ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்தால் இருமல் குறைகிறதா, திரும்பியதும் கூடுகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியின் பதிலை அவசியம் எழுதுங்கள். வாடகை வீடு என்றால், முன்பு அங்கே யார் பறவை வளர்த்தார்கள் என்றும் விசாரியுங்கள்.

5. புறா. அடுக்குமாடியில் ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் குடியேறியிருக்கும். எச்சம் மட்டுமே ஆபத்து என்று நினைக்கிறோம். இறகிலிருந்து உதிரும் கண்ணுக்குத் தெரியாத மாவு போன்ற தூளும் அதே வேலையைச் செய்யும். பால்கனியில் தானியம் போடுவதை நிறுத்துங்கள், வலை அடியுங்கள். காய்ந்த எச்சத்தை ஒருபோதும் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவைத்து வழித்தெடுக்க வேண்டும். செய்பவர் என்95 முகக்கவசம் அணியட்டும். நோயாளி அன்று வீட்டிலேயே இருக்கக் கூடாது. புறா போன பிறகும் அதன் மிச்சம் பல மாதம் தூசியில் இருக்கும் என்பதால் திரைச்சீலை, பாய், மெத்தை உறை எல்லாவற்றையும் துவைக்க வேண்டும்.

வடசென்னை மாதிரி இடங்களில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு அல்ல, மானம் மரியாதை. அப்படிப்பட்டவரிடம் "நாளைக்கே வித்துடுங்க" என்று கத்திப் பிரயோசனம் இல்லை. மகனோ நண்பரோ கூண்டை வேறு இடத்துக்கு எடுத்துக்கொள்ளட்டும். கிளி, லவ் பேர்ட்ஸ், கோழி, இறகு அடைத்த தலையணை, ரஜாய் எல்லாம் இதே கணக்கில் சேரும்.

6. ஏர்கூலரைக் கழுவிக் கழுவி ஓட்டலாமா என்று கேட்பார்கள். இந்த நோய் உள்ள வீட்டில் வேண்டாம் என்பதே என் பதில். எப்போதும் ஈரமாக இருக்கும் அந்தப் பட்டையில் பூஞ்சை வளராமல் தடுப்பது நடைமுறையில் முடியாத காரியம். ஏ.சி. இருந்தால் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள், தண்ணீர் சொட்டுகிறதா பாருங்கள்.

7. சுவர் ஈரத்துக்குப் பெயின்ட் மருந்தல்ல. பூஞ்சையின் மேல் அடித்த வண்ணம் அடுத்த மழையில் உரியும். மொட்டை மாடி விரிசல், கசியும் குழாய் ஆகியவற்றைச் சரிசெய்த பிறகே பூச்சு. வேலை முடிந்து வாடை போகும்வரை நோயாளி வேறு இடத்தில் இருக்கட்டும்.

8. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், கற்பூரம், பீடி, சிகரெட் எல்லாமே புகைதான். நுரையீரலுக்குப் பக்தி தெரியாது. பூஜைக்குப் பூவும், புகையாத சின்ன நெய் விளக்கும் போதும். ஆனால் ஆக்சிஜன் ஓடும் வீட்டில் அந்த விளக்கும் ஆக்சிஜன் இருக்கும் அறைக்கு வெளியேதான். கொசுவுக்கு வலை கட்டுங்கள். போகியன்றும் தீபாவளியன்றும் கதவு ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த இரண்டு மூன்று நாள் புகை குறைந்த ஊருக்குப் போய்விடுவது மேல்.

9. சமையலறை. மிளகாய் வறுக்கும்போதும் தாளிக்கும்போதும் நோயாளியை வேறு அறையில் உட்கார வையுங்கள் என்று எழுதுவது சுலபம். பல வீடுகளில் அந்த நோயாளிதான் சமைப்பவர். நாற்பது வருடம் அடுப்படியில், அதிலும் பாதிக் காலம் விறகடுப்பில் நின்ற அம்மாவுக்கு இந்த நோய் வந்திருக்கிறது என்றால், "நீ நெடியிலிருந்து தள்ளி இரும்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்குத் தட்டை நீட்டுவதில் அர்த்தமில்லை. அடுப்பை வேறு ஒருவர் ஏற்க வேண்டும். காய் நறுக்குவதும், உப்புக் காரம் பார்த்துச் சொல்வதும், அதிகாரமும் அம்மாவிடமே இருக்கட்டும்.

மிளகாய்ப்பொடியை மில்லில் அரைத்து வாங்குங்கள். அந்த வேலைக்கும் நோயாளி போக வேண்டாம். தாளிப்பை மூடி போட்டுச் செய்யலாம். எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்பு பற்றவைக்கும் முன்பே போட்டு, அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். விறகடுப்பு இன்னும் இருந்தால், வெந்நீருக்கு மட்டும்தான் என்ற சமாதானத்தையும் சேர்த்து மூட்டை கட்டுங்கள்.

10. பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்குங்கள்; பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டும் அதே விரல், கூடத்தில் நாலு நடை நடந்ததும் 86 காட்டலாம். இந்த நோயின் குணமே அதுதான். அதனால் ஓய்வில் ஒரு தடவை, நடந்து முடித்ததும் ஒரு தடவை பாருங்கள். நகப்பூச்சையும் கருமையான மருதாணியையும் தவிர்க்க வேண்டும்; கை ஜில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, எண் நிலைத்து நிற்கும்வரை காத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது 88-க்குக் கீழே இறங்குகிறது என்றால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை விரலில் மாட்டிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். எண் குறைவதைவிட அந்தப் பயமே அதிகமாக மூச்சு வாங்க வைக்கும்.

11. ஒரே நோட்டு போடுங்கள். ஒவ்வொரு பரிசோதனையின்போதும் மூன்று எண்களைத் தேதியோடு எழுதுங்கள்: எஃப்.வி.சி. (நுரையீரல் கொள்ளளவு), டி.எல்.சி.ஓ. (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன்), ஆறு நிமிட நடையில் நடந்த மீட்டர். ஒரு தடவை வந்த எண்ணுக்குப் பெரிய அர்த்தம் இல்லை. வரிசையாகப் பார்க்கும்போதுதான் கதை தெரியும்.

12. மாத்திரை பற்றி. தழும்பேறுவதை மெதுவாக்கும் மருந்துகளில் அதிகம் எழுதப்படுபவை பிர்ஃபெனிடோன், நின்டெடனிப். 2014 அக்டோபரில் அமெரிக்கா இரண்டுக்கும் ஒரே நாளில் அனுமதி கொடுத்தது. ஐ.பி.எஃப்.பில் நுரையீரல் கொள்ளளவு குறையும் வேகத்தை இவை ஏறக்குறைய பாதியாக்குகின்றன. ஏற்கெனவே விழுந்த தழும்பைப் போக்குவதில்லை. இதைப் புரிந்துகொள்ளாததால்தான் "மூணு மாசமா சாப்பிடறேன், ஒண்ணும் தெரியல" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஒன்றும் தெரியாமல் இருப்பதே மருந்து வேலை செய்வதன் அடையாளமாக இருக்கலாம்.

பிர்ஃபெனிடோனை வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். இது தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். நம் ஊர் வெயிலில் சன்ஸ்கிரீன், முழுக்கைச் சட்டை, குடை மூன்றும் தேவை. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகும் பத்து நிமிடத்துக்கும்தான். நின்டெடனிப்புக்கு வயிற்றுப்போக்கு பெரிய தொல்லை. கஞ்சி, மோர் சாதம், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கைவசம் இருக்கட்டும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையையும் டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவர் என்றால் அதையும் சொல்ல வேண்டும். இரண்டுக்குமே ஆரம்ப மாதங்களில் கல்லீரல் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. ஜெனரிக் மாத்திரைகள் பல கம்பெனிகளில் வருகின்றன, விலை வித்தியாசம் பெரிது. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஸ்டீராய்டு எழுதியிருந்தால் சர்க்கரையைப் பாருங்கள், திடீரென நிறுத்தாதீர்கள்.

13. "நுரையீரலைச் சுத்தம் செய்யும்" பொடி, லேகியம் விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். தழும்பு அழுக்கல்ல, கழுவ முடியாது. மூக்கில் எண்ணெய், நெய் விடுவதும் வேண்டாம். அது நுரையீரலில் இறங்கித் தானே ஒரு நிமோனியாவை உண்டாக்கக்கூடும்.

14. இரவு உணவை ஏழு மணிக்குள் முடித்துவிட்டு, படுக்கையின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்துங்கள். நெஞ்செரிச்சலும் இந்த நோயும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கின்றன. தலையணையை அடுக்கினால் கழுத்துதான் வலிக்கும்.

15. குளிப்பதுதான் பலருக்கு அன்றைய பெரிய உழைப்பு. பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிக்கட்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், ஆவி பறக்கும் வெந்நீர் வேண்டாம். தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். துவட்டுவது, குனிந்து வேட்டி கட்டுவது, செருப்பு மாட்டுவதெல்லாம் எதிர்பார்ப்பதைவிட அதிகம் மூச்சு வாங்க வைக்கும். மேல்நாட்டுக் கழிப்பறை இல்லையென்றால், மேலே வைக்கும் நாற்காலி மருந்துக்கடையிலேயே கிடைக்கும்.

16. படுத்தே இருந்தால் தசை கரையும், தசை கரைந்தால் மூச்சு இன்னும் வாங்கும். தினமும் நடக்க வேண்டும், பேசிக்கொண்டே நடக்க வேண்டாம். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி மூச்சை விடப் பழக்குங்கள். படி ஏறும்போது மூச்சை வெளியே விட்டபடி ஏறி, நின்று உள்ளே இழுக்கட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கெட் தூக்கக் கூடாது. பிசியோதெரபிஸ்டிடம் சில வாரப் பயிற்சி கிடைக்குமானால் கண்டிப்பாக அனுப்புங்கள்.

17. ஆக்சிஜன் மெஷின் வீட்டுக்கு வந்தால் கடைசிக் கட்டம் என்று அர்த்தமில்லை. நடக்க மட்டும் தேவைப்படுபவர்கள், தூங்க மட்டும் தேவைப்படுபவர்கள் எல்லாம் உண்டு. வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், சத்தத்தோடு தூங்க முடிகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

ஐந்து லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்குமா, எத்தனை மணி நேரம் என்று எலெக்ட்ரீஷியனை வைத்து ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கரன்ட் போன இரவில் கணக்குப் போட முடியாது. கையிருப்பாக ஒரு பி டைப் சிலிண்டர் வையுங்கள். அதில் ஏறத்தாழ 1,500 லிட்டர். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் 12 மணி நேரம் வரும். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியால் கட்டுங்கள்.

மெஷினைச் சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். வெளி வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவி முழுதாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரப்படுத்தும் பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். தினமும் மாற்ற வேண்டும். கேஸ் அடுப்பு, குத்துவிளக்கு, தீக்குச்சி எதுவும் பத்தடிக்குள் வரக் கூடாது. பேரப்பிள்ளையின் பிறந்தநாள் மெழுகுவர்த்தியும் இதில் சேர்த்தி. மூக்கு வறண்டால் தேங்காய் எண்ணெய், வாசலின், தைலம் தடவாதீர்கள்; தண்ணீர் அடிப்படையிலான ஜெல் கேளுங்கள். குழாய் தரையில் கிடக்கும், தாத்தாவைவிடப் பாட்டிதான் தடுக்கி விழுவார். சுவரோரம் ஒதுக்கி ஒட்டிவிடுங்கள்.

18. வருடா வருடம் ஃப்ளூ ஊசி, டாக்டர் சொல்லும் முறையில் நிமோகாக்கல் ஊசி. வீட்டில் உள்ளவர்களும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

19. கல்யாணத்துக்கு ஊட்டி, கொடைக்கானல் என்று அழைப்பு வந்தால் யோசியுங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். பறக்கும் விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும் கிட்டத்தட்ட அந்த அளவு உயரத்துக்குச் சமமாக இறங்கலாம். சமவெளியில் ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கும் அங்கே தேவைப்படக்கூடும். சொந்த சிலிண்டரை விமானத்தில் ஏற்ற முடியாது; கையில் தூக்கும் கான்சென்ட்ரேட்டருக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

20. "இது ஒட்டாது" என்பதை உறவினர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். தாம்பரம் சானடோரியம் 1928-ல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. மார்பு நோய் என்றாலே டி.பி. என்ற பயம் நம்மிடம் அதற்கும் முந்தையது, இன்னும் போகவில்லை. சில நோயாளிகளுக்கு ஆரம்பத்தில் டி.பி. மருந்தே கொடுத்துப் பார்த்திருப்பார்கள் என்பதால் சந்தேகம் இன்னும் வலுக்கும். தனித் தட்டு, தனி டம்ளர் தேவையே இல்லை. பார்க்க வருகிறவருக்குச் சளி, காய்ச்சல் என்றால் அவர்தான் தள்ளி நிற்க வேண்டும்.

21. செல்போனில் தேடினால் ஐ.பி.எஃப்.புக்கு "மூன்று முதல் ஐந்து ஆண்டு" என்று வரும். அது பெரும்பாலும் மேலே சொன்ன மருந்துகள் வருவதற்கு முந்தைய நோயாளிகளின் கணக்கு. எல்லா வகைக்கும் பொருந்தாது. பொருந்தும் வகையிலும் அது நடுப்புள்ளிதான், அதைத் தாண்டி இருப்பவர்கள் பாதிப் பேர். அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளர் ஸ்டீவன் ஜே கூல்டுக்கு 1982-ல் மீசோதீலியோமா என்ற அபூர்வப் புற்று வந்தது. நடுப்புள்ளி எட்டு மாதம் என்று நூலகத்தில் படித்தவர், அந்த எண்ணை எப்படி வாசிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையே எழுதினார். 2002 வரை வாழ்ந்து, வேறொரு புற்றால் இறந்தார். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை. நோயாளிக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை மகன், மருமகள் கூடிப் பேசி முடிவுசெய்யாமல், அவரையே கேளுங்கள்.

22. நுரையீரல் மாற்று அறுவைக்கு வாய்ப்பு உண்டா என்று சீக்கிரமே கேட்டுவிடுங்கள். கேட்பதாலேயே செய்துகொள்ள வேண்டும் என்றில்லை. ஆனால் உடல் தளர்ந்து, எடை இறங்கிய பிறகு கேட்டால் தகுதி போயிருக்கும். தமிழ்நாட்டில் இறந்தவரிடமிருந்து பெறும் உறுப்புக்கான பதிவும் ஒதுக்கீடும் அரசின் உறுப்பு மாற்று ஆணையம் வழியாகத்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மருத்துவமனையில் இருக்கும் திட்ட அலுவலரிடம் கேளுங்கள்.

23. ஓரிரு நாளில், ஒரு வாரத்தில் திடீரென மூச்சு மோசமாவது, வழக்கமான ஆக்சிஜன் அளவு போதாமல் போவது, உதடு நீலம் பாய்வது, காய்ச்சல், நெஞ்சுவலி எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். நெபுலைசர் வைத்துப் பார்க்கலாம் என்று இரவைக் கடத்த வேண்டாம். ஆஸ்துமாவுக்குத் தரும் ஆறுதலை அது இதற்குத் தராது. அவசரப் பிரிவில் இருக்கும் இளம் டாக்டர் இந்த நோயாளியை முதல்முறை பார்ப்பவராக இருப்பார். அதனால் ஒரு அட்டையில் எழுதி கைப்பையில் வையுங்கள்: எந்த வகை ஐ.எல்.டி., வழக்கமான ஆக்சிமீட்டர் எண் எவ்வளவு, எத்தனை லிட்டர் ஆக்சிஜனில் இருக்கிறார், என்னென்ன மாத்திரை, சிகிச்சை தரும் டாக்டரின் போன் எண். 108-க்கு அழைத்துவிட்டு முதலில் எடுக்க வேண்டியது அந்த அட்டை, பிறகு ஸ்கேன் தட்டு. பெரிய ஃபைல் பின்னால் வந்து சேரட்டும்.